முழக்கத்தினுள் ஒரு மௌனம்

இங்கிலாந்தின் வால்சால் நகரில், உலோக ஆலைகளின் புகையும் ஓசையும் சூழ வளர்ந்தவர் ராப் ஹால்ஃபோர்ட். 1973ஆம் ஆண்டு 'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழுவின் பாடகரானார். ஹெவி மெட்டல் இசையோ ஆண்மையின் வீறாப்பைக் கொண்டாடுவது. அவரோ தன்பால் ஈர்ப்பினர். 1967இலேயே சட்டம் ஓரளவு இளகியிருந்தது; மக்கள் மனம் இளகவில்லை. உண்மை வெளிப்பட்டால் தோழர்களின் பிழைப்பும் கெடுமே என்றஞ்சி அவர் வாய்திறவாதிருந்தார். கறுப்புத் தோலாடையும் இரும்புக் குமிழ்களும் பூண்டு மேடையேறியபோது, இரசிகர்கள் அதனை வீரக்கோலமாகவே கண்டனர். என்னே முரண்! அரங்கில் ஆயிரமாயிரம் பேர் ஆர்ப்பரிக்க, அறைக்குத் திரும்பியதும் தனிமையே துணை. அதனை மதுவில் மூழ்கடிக்க முயன்று, தாமே மூழ்கலானார். 1986இல் சிகிச்சை பெற்றுக் குடியைத் துறந்தார். குழுவை விட்டுப் பிரிந்திருந்த காலத்தில், 1998ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில், பேச்சுவாக்கில் உண்மையைச் சொல்லிவிட்டார். அஞ்சியவாறு இரசிகர்கள் வெறுத்தொதுக்கவில்லை. 2003இல் பழைய தோழர்களுடனேயே மீண்டும் இணைந்தார். தோலாடையை மட்டும் மாற்றவில்லை.