உழுவையும் பேய்க்கணவாயும்

சங்க நூல்களில் உழுவை என்றால் புலி. உரையாசிரியர்களின் துணையோடு அச்சொல்லைக் கற்ற நாம், அது என்றோ வழக்கிழந்துவிட்டது என்றே எண்ணியிருந்தோம். முத்துக்குளித்துறைப் பரதவரிடம் அது இன்றும் உயிரோடிருக்கிறது; ஆனால் மீனின் பெயராக. சுறா, திருக்கை இனத்து மீன்கள் சிலவற்றை அவர்கள் உழுவை என்கிறார்கள். மீன்களிலெல்லாம் பெரியதான திமிங்கலச் சுறா அவர்களுக்கு 'அம்மணி உழுவை'. எட்டுக் கைகளுடைய ஆக்டோபசோ 'பேய்க்கணவாய்'.

கடலின் பேருயிருக்குப் புலியின் பெயரும், உரு மாறித் திரிவதற்குப் பேயின் பெயரும் வாய்த்திருப்பது தற்செயலாக இராது என்றே நமக்குத் தோன்றுகிறது.

புலியும் பேய்க்கணவாயும் ஒரே ஆற்றின் இரு முனைகளில் வாழ்கின்றன. பொருநை பிறக்கும் பொதிகை மலை, 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, பழைய கொற்கையைக் கடந்து, புன்னைக்காயலருகே ஆறு கடலில் கலக்கிறது. அங்கிருந்து பேய்க்கணவாயின் நாடு.

இரண்டும் தனித்து வேட்டையாடுபவை, பதுங்குவதில் வல்லவை. புலியின் வரிகள் ஆயுள் முழுதும் மாறுவதில்லை. பேய்க்கணவாயோ கண்ணிமைக்கும் நேரத்தில் நிறம் மாறிப் பாறையாகிவிடும். புலி இரையின் கழுத்தைக் கவ்வும். பேய்க்கணவாய் சிப்பியின் ஓட்டில் சிறு துளையிட்டு நஞ்சைச் செலுத்தும். இறுக மூடிய சிப்பி தளர்ந்து திறந்துகொள்ளும்.

சலாபக் காலங்களில் குளியாளிகள் அஞ்சியது சுறாவுக்கே. அதன் வாயைக் கட்ட மந்திரம் ஓதுவோர் இருந்தனர். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்று 13ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதினார். 'கடல்கட்டி' எனப்பட்ட அவர்களை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசும் அமர்த்திக்கொண்டது. குளியாளிகள் அச்சமின்றி மூழ்க வேண்டுமே!

முத்துச்சிப்பியைத் தின்னும் பேய்க்கணவாய்க்கு எதிராக மந்திரம் ஓதப்பட்டதாக நாம் எங்கும் படித்ததில்லை. அது தின்றது சிப்பியை, மனிதனை அல்ல. விண்மீனும் நத்தையும் திருக்கையும் சிப்பியைத் தின்றன. மனிதனும் பாரிலிருந்து அள்ளினான். பார்கள் பல ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்ததுண்டு. தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது.

1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் புலியை முதல் அட்டவணையில் சேர்த்தது. 2001இல் அதே அட்டவணையில் திமிங்கலச் சுறாவும் சேர்ந்தது. மலை உழுவையும் கடல் உழுவையும் ஒரே பட்டியலில் அமர்ந்துவிட்டதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். பேய்க்கணவாய்க்கு அதில் இடமில்லை; அது பிடிபட்டு ஏற்றுமதியாகிக்கொண்டிருக்கிறது.

நாம் காக்க முனைவதும் நமக்கு அச்சமூட்டிய பேருருவங்களைத்தான் போலும். உழுவை என்ற சொல்லையோ, ஏடுகளுக்கு வெளியே, மீனவர் நாவே காத்துத் தந்திருக்கிறது.