சுவார்ட்ஸ் பாதிரியாரும் ஹைதர் அலியும்

ஜீவனஹள்ளியில் வாழும் நமக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் தொலைவன்று. 1779-ல் தஞ்சையிலிருந்து சுவார்ட்ஸ் பாதிரியார் கும்பினியாரின் தூதராக அங்கே சென்றார். கும்பினியாருக்கு ஹைதர் அலி கொடிய பகைவர். பகைவரையும் நேசிக்கச் சொல்லும் சுவிசேஷத்தை ஏற்ற பாதிரியாரோ அவரோடு மனம்விட்டு உரையாடினார். வழிச்செலவுக்கென ஹைதர் அளித்த 300 ரூபாயைத் தஞ்சையின் ஏழைப் பிள்ளைகளது பள்ளிக்கே கொடுத்துவிட்டார்.

தூது பலிக்கவில்லை, கும்பினியாரின் வாக்குறுதியில் ஹைதருக்கு நம்பிக்கையில்லை. அதில் வியப்பென்ன? 1780-ல் போர் மூண்டது. அப்பொழுதும் பாதிரியாரை எவரும் தடுக்கலாகாதெனத் தம் சேனைக்கு ஹைதர் ஆணையிட்டார்.

போரினால் தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் வந்தது. முன்பு கிரயம் பெறாது ஏமாந்த குடியானவர்கள் அதிகாரிகளை நம்ப மறுத்தனர். பாதிரியாரின் வாக்கை நம்பி 80,000 கலம் தானியம் கொணர்ந்தனர்; அவர் தம் கையாலேயே கிரயம் தீர்த்தார். 1798-ல் அவர் மறைந்தபின் அவருக்குச் சலவைக்கல் சின்னம் செய்வித்த சரபோஜி மன்னர் கிறிஸ்தவரல்லர்.