பள்ளிகளில் யோகா (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவின் பல பள்ளிகளில் மாணவர்களின் கவனத்தை ஒருமுகப்படுத்தவும் மன இறுக்கத்தைத் தளர்த்தவும் எளிய யோகப் பயிற்சிகள் கற்பிக்கப்படுகின்றன. இவை உடற்கல்விப் பாடவேளையின் பகுதியாகவோ, இரு பாடங்களுக்கு இடையே சில நிமிடப் பயிற்சியாகவோ அமைகின்றன. அரசுப் பள்ளிகள் எந்தச் சமயத்தையும் வளர்க்கலாகாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் நிலைப்பாடு ஆகும். எனவே யோகா ஓர் உடற்பயிற்சியா, சமயச் செயலா என்னும் கேள்வி நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் விவாதிக்கப்பட்டுள்ளது.

பயிற்சி முறை

வகுப்பறையில் இடம் குறைவு என்பதால் நாற்காலியில் அமர்ந்தபடியோ மேசையருகே நின்றபடியோ செய்யத்தக்க அசைவுகளே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. கைகளை உயர்த்தி முதுகை நீட்டுதல், உடலைப் பக்கவாட்டில் திருப்புதல், ஒற்றைக் காலில் நிற்கும் மர நிலை ஆகியன இவற்றுட் சில. ஒற்றைக் காலில் நிற்பதற்குப் பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்த வேண்டியிருப்பதால் அதுவே கவனப் பயிற்சியாகவும் அமைகிறது.

அடுத்து மூச்சுப் பயிற்சி இடம்பெறும். வயிறு உப்பி அடங்குமாறு மெதுவாக மூச்சுவிடவும், உள்மூச்சைவிட வெளிமூச்சை நீட்டவும் சிறுவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பின் வேகம் தணிவதே இதன் அடிப்படை. மூச்சை நெடுநேரம் அடக்கும் பயிற்சிகள் சிறுவர்களுக்குத் தவிர்க்கப்படுகின்றன. இறுதியில் கண்களை மூடியோ தாழ்த்தியோ சிறிது நேரம் அமைதியாக இருப்பர்.

மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் உள்ள ராபர்ட் டபிள்யூ. கோல்மன் தொடக்கப் பள்ளியில் இம்முறை ஒழுங்கு நடவடிக்கைக்கு மாற்றாகவும் பயன்படுத்தப்பட்டது. குழப்பம் விளைவித்த மாணவர்கள் தண்டனையாக நிறுத்திவைக்கப்படுவதற்குப் பதிலாகத் தனி அறைக்கு அனுப்பப்பட்டு, அங்கு மூச்சுப் பயிற்சி செய்து, நடந்ததைப் பற்றிப் பேசினர்.

என்சினிடாஸ் வழக்கு

கலிபோர்னியா மாநிலத்தின் என்சினிடாஸ் பள்ளி மாவட்டம் 2012-13 கல்வியாண்டில் தன் ஒன்பது தொடக்கப் பள்ளிகளிலும் யோகா வகுப்பைத் தொடங்கியது. வாரம் இருமுறை, முறைக்கு 30 நிமிடம் என அது நடைபெற்றது. இதற்கு 5 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட நிதியை, மைசூரைச் சேர்ந்த அட்டாங்க யோக ஆசிரியர் பட்டாபி ஜோயிஸின் (1915-2009) பெயரில் இயங்கிய அறக்கட்டளை வழங்கியது.

இவ்வகுப்புகள் இந்து சமயத்தைப் பரப்புகின்றன எனப் பெற்றோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். மாவட்ட நிருவாகம் ஆசனங்களின் சமசுகிருதப் பெயர்களை நீக்கியது. பத்மாசனம், சம்மணமிடுதலைக் குறிக்கும் அமெரிக்கச் சிறுவர் வழக்கான 'கிரிஸ்-கிராஸ் ஆப்பிள்சாஸ்' ஆயிற்று. எனினும் 2013 பெப்ரவரியில் வழக்குத் தொடரப்பட்டது. யோகாவிற்குச் சமய வேர்கள் உண்டெனினும் இவ்வகுப்பு சமயத்தை வளர்ப்பதாகாது என 2013 சூலையில் விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 ஏப்ரலில் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

அலபாமா தடை

அலபாமா மாநிலக் கல்வி வாரியம் 1993 இல் அரசுப் பள்ளிகளில் யோகா, தியானம், மனவசியம் ஆகியவற்றைத் தடை செய்தது. 2021 மே மாதம் நிறைவேறிய சட்டம் இத்தடையைத் தளர்த்தி, யோகா கற்பிப்பதா என்னும் முடிவை உள்ளூர்க் கல்வி வாரியங்களிடம் விட்டது. ஆனால் ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயர்களே வழங்க வேண்டும். மந்திரம் ஓதுதல், முத்திரை, 'நமஸ்தே' எனும் வணக்கம் ஆகியன கூடா. பெற்றோரின் எழுத்து மூல ஒப்புதல் தேவை. தியானமும், மனக்காட்சிகளைக் கற்பனை செய்யவைக்கும் ஓய்வுப் பயிற்சியும் விலக்கப்பட்டன. ஆகவே உடலை வளைக்கும் பகுதிக்கு இசைவு கிடைத்தபோதும், மனத்தை அமைதிப்படுத்தும் பகுதியில் கணிசமானது தடைக்குள்ளேயே நின்றது.

கருத்து வேறுபாடுகள்

பெயர் மாற்றத்தை எல்லோரும் ஏற்கவில்லை. யோகாவின் இந்து சமய வேர்கள் மறைக்கப்படலாகாது என வலியுறுத்தி அமெரிக்க இந்து அறக்கட்டளை பரப்புரை மேற்கொண்டது. பெயரை மாற்றினாலும் உட்பொருள் மாறாது என்பது எதிர்த்த கிறித்தவப் பெற்றோரின் வாதமாக இருந்தது. யோகாவைச் சமயத்திலிருந்து முற்றிலும் பிரித்துவிட முடியாது என்பதில் எதிரெதிரான இவ்விரு தரப்பினரும் ஒத்த கருத்துக் கொண்டிருந்தமை குறிப்பிடத்தக்கது.

ஆய்வுகள்

பள்ளி யோகா மாணவர்களின் பதற்றத்தைக் குறைத்து, கவனத்தையும் தன்னடக்கத்தையும் ஓரளவு மேம்படுத்துவதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன. எனினும் அவற்றுள் பல, சிறு எண்ணிக்கையிலான மாணவர்களைக் கொண்டு குறுகிய காலமே நடத்தப்பட்டவை. யோகாவிற்கும் பிற உடற்பயிற்சிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிய, இரண்டையும் ஒப்பிடும் நீண்டகால ஆய்வுகள் தேவைப்படுகின்றன. வழக்குகளும் சட்டங்களும் பெரும்பாலும் யோகாவின் சமயத் தன்மையையே ஆராய்ந்தன. அது மாணவர்களுக்குத் தரும் பயனின் அளவு ஆய்வாளர்கள் விடைகாண வேண்டிய வேறொரு கேள்வியாகும்.