மரீனா பே சேண்ட்ஸ்

சிங்கப்பூரின் மரீனா விரிகுடாக் கரையில் அமைந்துள்ள சூதாட்டக்கூடத்துடன் கூடிய சொகுசு ஓய்வு விடுதி. உரிமையாளர் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் சேண்ட்ஸ் நிறுவனம். சூதாட்டக்கூடங்களை அனுமதிக்கச் சிங்கப்பூர் அரசு 2005-இல் முடிவெடுத்ததைத் தொடர்ந்து கட்டப்பட்டு, 2010-இல் திறக்கப்பட்டது.

அமைப்பு: கட்டடக் கலைஞர் மோஷே சஃப்தி வடிவமைத்தார். 55 மாடிகள் கொண்ட மூன்று கோபுரங்களின் உச்சியை 340 மீட்டர் நீளமுள்ள வான்பூங்கா இணைக்கிறது. அதிலுள்ள சுமார் 150 மீட்டர் நீள நீச்சல்குளம் விடுதியில் தங்குவோருக்கு மட்டுமே உரியது. மற்றவர்கள் கட்டணம் செலுத்திப் பார்வையாளர் மேடைக்குச் செல்லலாம். மாநாட்டு மண்டபம், கடைத்தொகுதி, அரங்கம், தாமரை வடிவக் கலை அறிவியல் அருங்காட்சியகம் ஆகியவையும் வளாகத்தில் உள்ளன.

சூதாட்டக்கூட விதிகள்: 21 வயது நிரம்பாதோருக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டி இலவசமாக நுழையலாம். உள்ளூர் மக்களைச் சூதாட்டப் பழக்கத்திலிருந்து காக்கும் நோக்கில், குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் நுழைவு வரி வசூலிக்கப்படுகிறது. 24 மணி நேரத்திற்கு 100 வெள்ளியாக இருந்த இவ்வரி 2019-இல் 150 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. குடும்பத்தினர் விண்ணப்பித்து ஒருவரின் நுழைவைத் தடைசெய்யவும் சட்டத்தில் இடமுண்டு.