பிரத்யேகம் கரைந்த பின்: பெரும் கொள்முதல்களும் சந்தாவின் விலையும்

ஒரு பெரிய கேம் நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் விலைக்கு வாங்கும்போதெல்லாம் முதலில் எழுவது ஒரே கேள்விதான்: அந்த நிறுவனத்தின் கேம்கள் இனி எந்தக் கன்சோலில் கிடைக்கும், எதில் கிடைக்காமல் போகும்? மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷனை வாங்கியபோது நடந்த அமெரிக்க நீதிமன்ற விசாரணையும் ரசிகர்களின் சண்டையும் இந்தக் கேள்வியையே சுற்றி வந்தன. கேள்வியில் தவறில்லை, ஆனால் அது போதாது. கொள்முதல் பெரிதாகப் பெரிதாகப் பிரத்யேக வெளியீட்டின் பிடி தளர்கிறது என்பதையும், அந்தத் தளர்வுக்கான தொகை கடைசியில் சந்தாதாரரின் கணக்கில் எழுதப்படுகிறது என்பதையும் 2020-க்குப் பிந்தைய நிகழ்வுகள் காட்டுகின்றன. எனவே, ஒரு கேம் எங்கே கிடைக்கும் என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டால், நுகர்வோருக்கு நேரும் உண்மையான இழப்பு கண்ணில் படாமலே போய்விடும் என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கான தெளிவான இந்தியச் சான்று கேம் துறையில் இல்லை. தொலைக்காட்சியிலும் இணைய ஒளிபரப்பிலும் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் போன்ற இருமொழிப் பகுதியில் அதைக் கண்ணெதிரே காணலாம்.

முதலில் கேம் துறையின் வரலாற்றைப் பார்ப்போம். பெதெஸ்டா கேம்களின் உரிமையாளரான ஜெனிமேக்ஸை 750 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2020 செப்டம்பரில் அறிவித்தது. 2021 மார்ச்சில் கொள்முதல் நிறைவேறியது. அதன் விளைவு எல்லோரும் அஞ்சியபடியே இருந்தது. 2023-ல் வெளிவந்த ரெட்ஃபால், ஸ்டார்ஃபீல்ட் இரண்டும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸிலும் கணினியிலும் மட்டுமே கிடைத்தன. போட்டிக் கன்சோலான பிளேஸ்டேஷன் வைத்திருந்தவர்கள் வெளியே நின்றார்கள். அடுத்து வந்தது ‘கால் ஆஃப் டூட்டி’ கேம் வரிசையின் உரிமையாளரான ஆக்டிவிஷன் பிளிஸார்ட். 2022 ஜனவரி 18 அன்று அறிவிக்கப்பட்டு 2023 அக்டோபர் 13 அன்று முடிந்த அந்தக் கொள்முதலின் மதிப்பு 6,870 கோடி டாலர். முந்தையதைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. இவ்வளவு பணத்தைப் போட்ட நிறுவனம் ‘கால் ஆஃப் டூட்டி’யைத் தன் கன்சோலுக்குள் பூட்டி வைத்தால் போட்ட முதல் திரும்பாது. நீதிபதி ஜாக்குலின் ஸ்காட் கார்லி 2023 ஜூலையில் அமெரிக்க வணிக ஆணையத்தின் தடைக் கோரிக்கையை நிராகரித்தபோது, அந்தக் கேம் முன்பைவிடக் கூடுதலான இடங்களில் கிடைக்கும் என்பதற்கே சான்று இருப்பதாகக் கருதினார். அவர் கணிப்பு பொய்க்கவில்லை. ‘கால் ஆஃப் டூட்டி’ பிளேஸ்டேஷனில் தொடர்ந்தது. அது மட்டுமன்றி, மைக்ரோசாஃப்டின் சொந்தக் கேம்களே எல்லை தாண்டின: 2024-ல் ஹை-ஃபை ரஷ், சீ ஆஃப் தீவ்ஸ், 2025-ல் இண்டியானா ஜோன்ஸ், ஃபோர்ஸா ஹொரைஸன் 5, கியர்ஸ் ஆஃப் வார். எக்ஸ்பாக்ஸின் அடையாளமாகவே இருந்த ஹேலோவும் பிளேஸ்டேஷனுக்கு வரும் என்று 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது.

இத்தோடு கதையை முடித்துவிட்டால் கொள்முதலால் எல்லோருக்கும் நன்மை என்றுதான் தோன்றும். சந்தா விலையை அருகில் வைத்துப் பார்க்கும்போது கணக்கு மாறுகிறது. மைக்ரோசாஃப்டின் கேம் சந்தா சேவையான கேம் பாஸ் 2017-ல் மாதம் 9.99 டாலரில் தொடங்கியது. அதன் உயர்நிலைச் சந்தா, ஆக்டிவிஷன் கைமாறிய நாளில் 16.99 டாலராக இருந்தது. ஒன்பதே மாதத்தில், 2024 ஜூலையில், அது 19.99 ஆனது; 2025 அக்டோபர் 1 அன்று 29.99 ஆனது. இரண்டு ஆண்டுக்குள் முக்கால் பங்குக்கும் மேலான உயர்வு இது. 2024-ல் இன்னொன்றும் நடந்தது. கன்சோலுக்கென்று இருந்த மலிவான சந்தாவில் புதியவர்கள் சேர முடியாதபடி நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் வெளியீட்டு நாளிலேயே புதிய கேம் கிடைக்காத ஒரு சந்தாவை வைத்தார்கள். ‘கால் ஆஃப் டூட்டி’யின் புதிய பாகம் முதன்முதலாக வெளியீட்டு நாளிலேயே கேம் பாஸுக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபரில் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஒழுங்கு புலப்படும். ஈர்ப்பு மிகுந்த பொருளை உள்ளே கொண்டுவருவது, மலிவான வழியை அடைப்பது, மிஞ்சிய வழிக்குக் கட்டணத்தை ஏற்றுவது. கொள்முதலுக்குப் பின் தரம் தாழ்த்தப்பட்ட பொருள் என்றே வணிக ஆணையம் இதை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சுட்டிக்காட்டியது. 2025 மே மாதம் அந்த நீதிமன்றமும் ஆணையத்தின் முறையீட்டை ஏற்கவில்லை. ஆணையம் வழக்கையே கைவிட்டது.

இதே ஒழுங்கு இந்தியாவில் கிரிக்கெட்டை வைத்து அரங்கேறியது. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் போட்டிகளின் தொலைக்காட்சி உரிமையை 23,575 கோடி ரூபாய்க்கு ஸ்டார் வாங்கியது. முதன்மை டிஜிட்டல் தொகுப்பை 20,500 கோடிக்கு ரிலையன்ஸின் வயாகாம்18 வாங்கியது. இரண்டு பெரிய நிறுவனங்கள் நேருக்கு நேர் மோதியதில் பார்வையாளருக்கு நடந்தது என்ன? 2023 ஐபிஎல்லை வயாகாம்18-இன் ஜியோசினிமா செயலி இலவசமாகவே காட்டியது. பதிலுக்கு ஸ்டாரின் ஹாட்ஸ்டார் அதே ஆண்டின் ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் கைப்பேசியில் இலவசமாகத் திறந்துவிட்டது. பிரத்யேக உரிமை இருவரிடமும் இருந்தது. ஆனால் போட்டி இருந்ததால் அந்த உரிமை நம் பையைத் தொடவில்லை. பிறகு இருவரும் ஒன்றானார்கள். 70,352 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்த இணைப்புக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 ஆகஸ்ட் 28 அன்று ஒப்புதல் தந்தது; நவம்பரில் இணைப்பு முடிந்தது; 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. எல்லாம் ஒரே செயலியில் வந்துவிட்டது, பிரத்யேகச் சண்டை ஓய்ந்தது. ஆனால் 2025 ஐபிஎல் பார்க்க உட்கார்ந்தவருக்குச் சில நிமிடத்தில் ஆட்டம் நின்று திரையில் சந்தாப் பட்டியல் வந்தது: மூன்று மாதத்துக்கு 149 ரூபாயிலிருந்து. ஜியோவில் 299 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரீசார்ஜ் செய்தவர்களுக்கு அது கட்டணமின்றித் திறந்தது. உள்ளடக்கம், அதைக் காட்டும் செயலி, அதைச் சுமந்து வரும் தொலைத்தொடர்பு மூன்றும் ஒரே குழுமத்தின் பிடியில் சேர்ந்ததன் நேரடி விளைவு இது.

இந்த இணைப்பின் ஆழத்தை நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் நன்றாகக் காணலாம். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி. இன்றும் மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் ஒரே வீட்டில் தமிழ்த் தொடரும் மலையாளத் தொடரும் ஓடும். அந்த வீட்டின் ரிமோட்டில் விஜய் டிவியும் ஏஷியாநெட்டும் ஏற்கெனவே ஸ்டாருடையவை. அவற்றுக்குப் போட்டியாக இருந்த கலர்ஸ் தமிழும் இப்போது அதே நிறுவனத்தில் சேர்ந்துவிட்டது. சன் டிவியும் சூர்யா டிவியும் இன்னொரு குழுமம். ஜீ தமிழும் ஜீ கேரளமும் மற்றொன்று. இரண்டு மொழி தெரிந்தவருக்கு இரண்டு மடங்கு தெரிவு இருக்கும் என்று நினைப்போம். பொழுதுபோக்கைப் பொறுத்தவரை பெரும்பகுதி மூன்று முதலாளிகளுக்குள் அடங்கிவிடுகிறது. மொழிவாரியாகச் சந்தைப் பங்கை அளக்கும் எந்த ஆணையத்தின் அட்டவணையிலும் இந்த வீடு தனியாக இடம்பெறாது.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 20,500 கோடி கொடுத்து வாங்கியதை எவராலும் காலமெல்லாம் இலவசமாகக் காட்ட முடியாது. மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் ஒரு சினிமா டிக்கெட் அளவுதானே என்பார்கள். முதற்பாதி உண்மை. இலவசம் நீடித்திருக்காது. ஆனால் இரண்டு பேர் மோதும் சந்தையில் இலவசம் முடிந்து கட்டணம் வந்தால், அந்தக் கட்டணத்துக்கு எதிராளி ஒரு மேல்வரம்பு போடுவான். எதிராளியே இல்லாத இடத்தில் விலையைத் தீர்மானிப்பது விற்பவரின் கணக்கு மட்டுமே. இன்றைய விலை குறைவு என்பது நாளைய விலைக்கு உத்தரவாதம் ஆகாது; கேம் பாஸும் 9.99 டாலரில்தான் தொடங்கியது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. தமிழரை நேரடியாகத் தொடுவது. சந்தா சேவைகள் இல்லையென்றால் சிறு படைப்பாளிகளின் கேம்களை உலகம் கண்டிருக்காது என்பதே அது. இதற்குச் சிறந்த சான்று ‘வெண்பா’. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை, அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பேட்டிலிருந்து இட்லியும் பிரியாணியும் மீட்டெடுக்கும் விளையாட்டாகச் சொன்ன அந்தப் படைப்பை டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. அன்றே அது கேம் பாஸில் இருந்தது. 2024-ல் பாஃப்டாவின் அறிமுகப் படைப்பு விருதையும் அது பெற்றது. இட்லித் தட்டில் துணி எங்கே, தண்ணீர் எவ்வளவு என்பதைத் தமிழ் அறியாத ஆயிரக்கணக்கானோர் யோசித்து விளையாடினார்கள் என்பது சிறிய செய்தி அல்ல. சந்தாவால் விளைந்த இந்த நன்மையை மறுப்பது அநியாயம். ஆனால் ‘வெண்பா’ அதே நாளில் ஸ்விட்ச்சிலும் பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் தனியாக விற்பனைக்கும் இருந்தது. அதன் உரிமை படைப்பாளிகளிடமே இருந்தது. அதே 2023-ல் ஜப்பானின் டேங்கோ கேம்வொர்க்ஸ் கேம் பாஸில் வெளியிட்ட ஹை-ஃபை ரஷ் பெரும் பாராட்டைப் பெற்றது. ஆனால் டேங்கோ ஜெனிமேக்ஸோடு சேர்த்து வாங்கப்பட்ட நிறுவனம். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அதை மூடுவதாக அறிவித்தது. இந்தியாவில் பிஜிஎம்ஐ என்ற கேமை நடத்தும் கொரிய நிறுவனமான கிராஃப்டான் கைகொடுத்ததால்தான் அந்தக் குழு பிழைத்தது. சந்தாவுக்கு உரிமம் கொடுத்தவர் தன் வழியில் போக முடிந்தது. சந்தாவின் உரிமையாளருக்கே சொந்தமானவர் ஒரே முடிவில் காலியானார். ஆகவே படைப்பாளிக்கு உதவுவது சந்தா சேவை, கொள்முதல் அன்று.

வாங்கப்படும் நிறுவனத்தின் உழைப்பும் பிரத்யேகமாகிவிடுகிறது என்பதை நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. 1997-ல் ராஜேஷ் ராவ் பெங்களூரில் தொடங்கிய துருவா இண்டராக்டிவ், இந்தியக் கேம் துறையின் முன்னோடி. பல வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஓவியமும் முப்பரிமாண உருவங்களும் செய்து கொடுத்தது. ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் கைக்குப் போய், 2019-ல் சுமார் 79 லட்சம் டாலருக்கு ராக்ஸ்டாரிடம் வந்து சேர்ந்து, ராக்ஸ்டார் இந்தியாவில் கரைந்தது. பலருக்கு வேலை செய்த இடம் ஒருவருக்கு மட்டும் வேலை செய்யும் இடமாயிற்று. நாகர்கோவிலிலிருந்து பெங்களூருக்கு வண்டி ஏறும் இளம் ஓவியருக்கு இப்படிக் கதவுகள் குறைவது சந்தா விலையைவிடப் பெரிய விஷயமாகக் கூட இருக்கலாம்.

கன்சோலே அரிதான நாட்டில் இந்த விவாதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆக்டிவிஷனோடு சேர்த்து மைக்ரோசாஃப்ட் வாங்கியவற்றில் கேண்டி க்ரஷ் தயாரிக்கும் கிங் நிறுவனமும் ஒன்று. பேருந்தில் கைப்பேசியில் அதை ஆடிக்கொண்டு போகிறவர், எக்ஸ்பாக்ஸைக் கண்ணால் கண்டிராதவராயினும், அந்தக் கொள்முதலின் வாடிக்கையாளர்தான்.

அப்படியானால் தீர்வு? அதை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. சேனலும் அது வீட்டுக்கு வரும் கம்பியும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு நன்றாக அறியும். 2007-ல் அரசு கேபிள் நிறுவனம் உருவானதும், 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு அது மறுபிறவி எடுத்ததும் அந்த அனுபவத்திலிருந்துதான். அதற்கு முன்பே, 2004 டிசம்பரில், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் அருமையான விதியைக் கொண்டுவந்தது: எந்த ஒளிபரப்பாளரும் மற்ற விநியோகஸ்தர்களுக்குச் சேனல் கிடைக்காமல் தடுக்கும் பிரத்யேக ஒப்பந்தம் செய்யக் கூடாது, கேட்பவருக்குப் பாகுபாடின்றித் தர வேண்டும். 2017-ன் புதிய ஒழுங்குமுறையும் இந்த அடிப்படையைக் கைவிடவில்லை. விஜய் டிவி எந்தக் கேபிளிலும் எந்த டிடிஎச்சிலும் கிடைப்பதற்குக் காரணம் இந்த விதி. ஆனால் அதே விஜய் டிவியின் தொடர் இணையச் செயலிக்குள் போனதும் விதி வாசலில் நின்றுவிடுகிறது. பிரிட்டனின் போட்டி ஆணையம் ஆக்டிவிஷன் விஷயத்தில் செய்ததும் ஏறக்குறைய இதையேதான்: ஏற்கெனவே உள்ள கேம்களையும் அடுத்த 15 ஆண்டுகளில் வெளியாகும் கேம்களையும் இணையம்வழி ஓடவிடும் உரிமையை யுபிசாஃப்டிடம் ஒப்படைத்த பிறகே அது அனுமதி தந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 10 ஆண்டு உரிமத்தை நிபந்தனையாக்கியது. டிராய் விதியின் உறவினர்கள் இவை. நம் விதி அவற்றுக்கு மூத்தது.

சொந்தமாக முதலீடு செய்து உருவாக்கியதைப் போட்டியாளருக்கு ஏன் தர வேண்டும் என்ற எதிர்வாதத்துக்கு இடம் உண்டு. நிண்டெண்டோ தானே வளர்த்த மாரியோவைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது உருவாக்கியவரின் உரிமை. நான் சொல்லும் விதி விலைக்கு வாங்கப்பட்டவற்றுக்கு மட்டும்: வாங்கப்படுவதற்கு முன் எல்லோருக்கும் கிடைத்துவந்த கேம் வரிசையோ, ஆட்டமோ, தொடரோ, வாங்கப்பட்ட பிறகும் நியாயமான விலையில் தனியாகவும் கிடைக்க வேண்டும், போட்டிச் சேவைகளுக்கும் பாகுபாடின்றிக் கிடைக்க வேண்டும். தனியாக வாங்கும் வழி திறந்திருந்தால் சந்தா விலைக்கு இயல்பாகவே ஒரு கூரை அமையும்.

சட்டத்தில் இதற்கான இடமும் இப்போது இருக்கிறது. 2024 செப்டம்பர் 10 முதல், 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதல்கள், வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவில் கணிசமான செயல்பாடு இருந்தால், இங்கே அதன் வருமானம் சிறிதானாலும் போட்டி ஆணையத்தின் முன் வந்தாக வேண்டும். டிஜிட்டல் சேவையாயின் உலகப் பயனர்களில் பத்தில் ஒரு பங்கு இந்தியர் என்பதே போதும். அடுத்த முறை இத்தகைய கோப்பு வரும்போது ஆணையம் சந்தா விலைக்கும் தனி விற்பனைக்கும் எழுத்தில் உறுதிமொழி கேட்க வேண்டும். இப்போதைய ஐபிஎல் உரிமை 2027 பருவத்தோடு முடிகிறது. அடுத்த ஏலத்துக்கு முன்பே டிராயின் 2004 விதி இணைய ஒளிபரப்புக்கும் நீட்டிக்கப்பட வேண்டும்.