எவரெடியும் எவர்சில்வரும்



வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், சாவிக் கொத்தில் மாட்டுகிற சின்ன டார்ச் வாங்கப்போகிறேன். எனக்கு ஒன்று, ஊரில் அப்பாவுக்கு ஒன்று. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லதா, அலுமினியம் நல்லதா?" ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் கேட்டது வரலாற்று வாத்தியாரிடம். அதனால் கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் எவர்சில்வர். கிராமத்தில் டார்ச்சுக்குப் பேட்டரி லைட்டு என்று பெயர், சில வீடுகளில் எவரெடி லைட்டு. இரண்டு பெயரிலும் முதலில் நிற்பது 'எவர்', அதாவது எப்போதும். ஒன்று எப்போதும் வெள்ளி, மற்றொன்று எப்போதும் தயார். இரண்டுமே அதிகப்படியான வாக்குறுதிகள்தான்.

முதலில் டார்ச். 1899 ஜனவரியில் டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்காவில் கைவிளக்குக்கான காப்புரிமை கிடைத்தது. அதைத் தயாரித்து விற்றவர் ரஷ்யாவிலிருந்து அங்கே குடியேறிய கான்ராட் ஹியூபர்ட். காகிதக் குழாய், இரு முனையிலும் பித்தளை மூடி, உள்ளே மின்கலம். அன்றைய மின்கலம் வலுவற்றது. தொடர்ந்து எரியாது, அழுத்தினால் பளிச்சென்று மின்னிவிட்டு ஓய்ந்துவிடும். அதனால்தான் ஆங்கிலத்தில் 'ஃபிளாஷ் லைட்' என்ற பெயரே வந்தது. அப்படி ஓய்ந்துபோகும் விளக்குக்கு 'எவர் ரெடி' என்று பெயர் வைத்ததுதான் வேடிக்கை!

இந்தியாவில் எவரெடி நிறுவனம் 1934இல் பதிவானது. பின்னாளில் அதுவே யூனியன் கார்பைடு இந்தியா ஆயிற்று. 1958இல் லக்னோவில் டார்ச் தொழிற்சாலை தொடங்கியது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்த விஷவாயு கசிந்ததும் இதே நிறுவனத்தின் ஆலையிலிருந்துதான். வரலாறு படிக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

நம் பக்கத்து வீடுகளில் இருந்த பழைய டார்ச்சுகள் பெரும்பாலும் பித்தளைத் தகட்டில் செய்து, மேலே பளபளப்பாக நிக்கல் முலாம் பூசியவை. அன்று பித்தளையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. டார்ச்சின் உடம்பு வெறும் உறை அல்ல. அடியில் இருக்கும் ஸ்பிரிங்கிலிருந்து பல்பு வரைக்கும் மின்சாரம் திரும்பிப் போகும் வழியும் அதுதான். பித்தளை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், வளைக்கவும் மரை போடவும் எளிது.

அதன் எதிரி உள்ளேயே இருந்தது. பழைய பேட்டரிக் கட்டையின் வெளிக் குவளை துத்தநாகம். மின்சாரம் தருவதற்காகக் கரைந்துகொண்டே வருவதும் அந்தக் குவளைதான். ஓட்டை விழுந்ததும் உள்ளே இருக்கும் பசை கசியும், குழாய் பச்சை பிடிக்கும், கட்டை வெளியே வராமல் ஒட்டிக்கொள்ளும். கம்பியால் குத்திக் குத்தி எடுத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

இப்போது எவர்சில்வர். 1912இல் ஜெர்மனியின் குரூப் நிறுவனம் குரோமியமும் நிக்கலும் சேர்த்த எஃகுக்குக் காப்புரிமை கோரியது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் தேய்வதைத் தடுக்கும் ஆராய்ச்சியில் இருந்தபோது, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் உள்ள எஃகை வார்த்தார். அது துருப்பிடிக்கவில்லை. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே மறுபடி உண்டாகும். முலாம் போனால் போனதுதான், இந்தப் படலம் அப்படியில்லை. எவர்சில்வரின் பெருமை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டுச் சமையலறையில் இது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. பித்தளைப் பாத்திரத்தில் புளி சேரக் கூடாது என்பதால் ஈயம் பூசியாக வேண்டும். எவர்சில்வருக்கு அந்தத் தொல்லை இல்லை. பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கி, அதில் பெயர் வெட்டிச் சீர் கொடுத்தார்கள். சேலம் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1981இல் ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டும் வேலை தொடங்கியபின் அந்த உலோகம் நம் ஊர்ச் சரக்காகவே ஆகிவிட்டது.

சட்டைப் பைக்குள்ளும் அது வந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நம் முன்னோர் இடுப்பில் முடிந்துகொண்டது செம்பு அம்மன் காசு. ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1988 முதல், இந்திய அரசு 10, 25, 50 பைசா நாணயங்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அடித்தது. 1992இல் ஒரு ரூபாயும் அப்படியே ஆயிற்று. அந்த நாணயத்தில் காந்தம் ஒட்டும், நம் நல்ல எவர்சில்வர் டம்ளரில் அவ்வளவாக ஒட்டாது. டம்ளரில் நிக்கல் உண்டு, நாணயத்தில் இல்லை. இரண்டும் ஸ்டெயின்லெஸ்தான். காந்தம் ஒட்டினாலே போலி என்று கடையில் சண்டை போடாதீர்கள்.

அப்படியானால் பித்தளையை விரட்டிய எவர்சில்வர் டார்ச்சையும் பிடித்திருக்க வேண்டுமே? பிடிக்கவில்லை. அந்த இடத்துக்கு வந்தவை பிளாஸ்டிக்கும் அலுமினியமும். அமெரிக்காவில் டோனி மாக்லிகா 1979இல் கொண்டுவந்த மேக்லைட் அலுமினியம். 1984இல் வந்த அதன் குட்டியும் அலுமினியம். காரணம் எடையும் சூடும்.

எடைக்கு ஒரு கணக்கு போடுவோம். சிறு விரல் அளவு விளக்கின் உடம்புக்கு 4 கன சென்டிமீட்டர் உலோகம் தேவை என்று வையுங்கள். அலுமினியத்தில் அது சுமார் 11 கிராம், டைட்டானியத்தில் 18, எவர்சில்வரில் 32. பெரிய டார்ச்சாக இருந்தால் கை வலிக்கும். சாவிக் கொத்தில் இது ஒன்றிரண்டு சாவி கூடுதலாகத் தொங்குவதுபோலத்தான். சட்டைப் பையில் தனியாகப் போட்டால் மட்டும் பை இழுக்கும்.

அடுத்தது சூடு. கொதிக்கும் குழம்பில் எவர்சில்வர் கரண்டியைப் போட்டு வைத்தாலும் நீண்ட காம்பின் நுனியைப் பிடிக்க முடிகிறது. அந்த உலோகம் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதே காரணம். டார்ச்சுக்குப் பயன்படும் அலுமினியக் கலவை அதைவிடப் பத்து மடங்கு வேகமாகக் கடத்தும். இன்றைய விளக்கில் இருப்பது எல்.இ.டி. அது தின்னும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. வெப்பம் உடனே வெளியேறாவிட்டால் ஒளி மங்கும், ஆயுள் குறையும். ஒற்றைக் கட்டையில் மிதமாக எரியும் விளக்குக்கு எவர்சில்வர் உடம்பு போதும். "ஆயிரம் லூமென்" என்று கூவி விற்கும் விளக்குக்குப் போதாது. அடிப்பிடிக்காமல் இருக்க எவர்சில்வர் பாத்திரத்துக்குச் செம்பு அடி வைக்கிறார்களே, அதேபோல சில விளக்குகளில் எல்.இ.டி.க்கு அடியில் செம்பு வைக்கிறார்கள்.

எவர்சில்வர் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. சாவிகளோடு நாள் முழுக்க உரசினால் அலுமினியத்தின் கறுப்புப் பூச்சு முனைகளில் போய்விடும். எவர்சில்வரில் கீறல் விழும், உரிந்துபோக அதில் பூச்சு இல்லை. இன்னொன்று முக்கியம். இன்றைய ஆல்கலைன் கட்டை கசிந்தால் வருவது காரம். சலவைச் சோடா அலுமினியப் பாத்திரத்தை என்ன செய்யும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதே காரம் எவர்சில்வரை எளிதில் தொடாது, துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உப்பு எவர்சில்வரின் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். கடலோரத்துக்கு 304 வகையைவிட, மாலிப்டினம் கலந்த 316 வகை நல்லது. எதுவானாலும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். எவர்சில்வர் மரையோடு எவர்சில்வர் மரை உரசினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். துளி கிரீஸ் தடவிவைத்தால் அவசரத்துக்குத் திறக்கும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம், நம் மாவட்டத்தில் இரவு விளக்கு அலங்காரப் பொருள் அல்ல. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவிலேயே மோட்டார் போட வரப்பில் நடக்கிறோம். கட்டுவிரியன் நடமாடுவதும் அந்த நேரம்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபின் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் எத்தனை இரவுகள் மின்சாரமே இல்லாமல் கழிந்தன! கையில் விளக்கு இருந்தும் அது எரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த வாரங்களில் பார்த்தோம்.

ஆகவே, தம்பி, உனக்குச் சாவிக் கொத்துக்கு எவர்சில்வர் வாங்கு. அளவான வெளிச்சம் போதும். அப்பாவுக்கு அது வேண்டாம். வரப்பில் நடக்க அலுமினிய உடம்புள்ள கைப்பிடி டார்ச் ஒன்று வாங்கி அனுப்பு. ஈரக் கையில் வழுக்காமல் இருக்க உடம்பில் சொரசொரப்பு இருக்கிறதா என்று பார். இரண்டிலும் மாதம் ஒருமுறை கட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல். எந்த உலோகத்துக்கும் 'எவர்' என்ற சொல்லை நாம் பராமரித்துத்தான் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டுப் பரணில் பழைய பித்தளை டார்ச் வைத்திருப்பவர்கள் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எந்த ஊர், யார் பயன்படுத்தியது என்றும் எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்.

அன்புடன், உங்கள் பழைய வாத்தியார்.