வடாற்காட்டுக் கூத்தும் பாரிசு அரங்கும்

கோலார் தங்கவயலில் பாலகாட், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் முதலிய பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் பழைய வடாற்காடு மாவட்டமாகும். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப்பணி தொடங்கிய பின்னர்ப் பிழைப்பு நாடி அங்கிருந்து வந்தோர் பலர். அம்மாவட்டம் தெருக்கூத்துக்கும் தாயகமன்றோ! ஆதலின், அக்கூத்து கடல் கடந்த வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

தமிழர் கூத்தை முன்னர்க் கடல் கடத்தியோர் கூலித் தொழிலாளரே. இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் வேரூன்றின. ஆயின், அங்கே ஆடியவரும் தமிழர்; கண்டவரும் தமிழர். பிறநாட்டுக் கலைஞர் கூத்தைக் கற்க வந்தது பிற்கால நிகழ்ச்சியாகும்.

செய்யாற்றுப் பகுதியிலுள்ள புரிசை, தலைமுறை தலைமுறையாகக் கூத்தைப் பேணிவரும் ஊர். அவ்வூர்க் கண்ணப்பத் தம்பிரானின் மைந்தர் சம்பந்தன். பாரிசில் 1964இல் தோன்றிய ‘தெயாத்ர் து சொலெய்’ என்னும் நாடகக் குழுவின் தலைவி அரியான் முனூஷ்கின், 2016இல் தம் குழுவினரைப் புதுவைக்கு அழைத்துவந்தார். பல நாட்டினரான அந்நடிகர்களுக்குச் சம்பந்தன் ஆசானாக அமைந்தார். அவ்வாண்டு நவம்பரில் பாரிசில் அரங்கேறிய ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகத்தில், திரௌபதி துகிலுரிதலும் கர்ணன் மடிதலும் கூத்தாகவே ஆடப்பெற்றன. பிரெஞ்சு நடிகர்கள் தமிழிலேயே பாடினர். 2017இல் நியூயார்க் நகரமும் அதனைக் கண்டது.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கூத்து இங்கே வேடிக்கைப் பொருளாக ஏற்றுமதியாகவில்லை. அடவும் பாட்டும் கொண்ட கல்வியாக மதிக்கப்பட்டது. கற்போர் ஆசானை நாடி வந்தனர்.

கொள்வதோடு கொடுப்பதும் உண்டெனின் அதுவே உண்மைப் பரிமாற்றம். கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் இராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்கென வந்த ஹன்னே டி புருயினும் இணைந்து உழைத்தமை இதற்குச் சான்று. 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவாயிற்று. 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்துக் குருகுலம் எழுந்தது. ஆடவர்க்கே உரியதாயிருந்த கூத்தில், பள்ளிப் பாடத்தோடு பெண்மக்களும் பயிற்சி பெற்றனர். 2020இல் அக்குருகுலம் மூடப்பட்டபோதும், அது திறந்துவிட்ட வாயில் அடைபடவில்லை.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் போயிற்று, முன்னோர் உடன் கொணர்ந்த மொழியும் கலையுமே எஞ்சின. அயல்மொழியாளர் நம் கூத்துப் பாட்டை அசையசையாகக் கற்று அரங்கேறினர். நம் இல்லத்துப் பிள்ளைகள் அதன் பொருளையேனும் உணர வேண்டாவோ? விடையளிக்க வேண்டியவர் நாமே.